மருந்து கேட்காத கிருமி!

பிறந்த குழந்தைக்கு ஊசி போடுவதில் இத்தனை சிக்கலா?

இரவு மணி 10.

மயிலாப்பூரில் ஒரு வீடு. மாட வீதியில் கடைகளை எல்லாம் மூடிவிட்டார்கள். வீட்டுக் கூடத்தில் தூளி தொங்குகிறது. அதில் பிறந்து 6 நாள் ஆன ஆண் குழந்தை.

அன்று பகல் முழுவதும் குழந்தை அழவே இல்லை. "என் பேரன் எவ்வளவு சமர்த்து, பார்த்தாயா?" என்று பாட்டிக்கு ஒரே பெருமை.

தாய்க்கு மட்டும் மனம் சரியில்லை. மாலையிலிருந்து குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லை. மார்பில் வைத்தால் இரண்டு வாய் சப்புகிறது. பிறகு அப்படியே கண்ணை மூடிக்கொள்கிறது. உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

"அம்மா, குழந்தை என்னமோ மாதிரி இருக்கான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"இந்த நேரத்திலா? உடம்பு சுடவில்லை. இருமல் இல்லை. எல்லாம் திருஷ்டியாக இருக்கும். சுற்றிப் போட்டால் சரியாகிவிடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம்."

தியாகராயநகரில் இருக்கும் மருமகனுக்கு டெலிபோன் பறந்தது. "கவலைப்படாதீங்க அத்தை. பக்கத்து மருந்துக் கடையில் கேட்டு, ஏதாவது சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு வருகிறேன்" என்றார் அவர்.

இது எந்த வீடு என்று தேடாதீர்கள். கதைக்காகச் சொன்ன வீடு இது. ஆனால், இதே பேச்சு எத்தனையோ வீடுகளில் நடக்கிறது.

திருஷ்டி சுற்றுவதில் கெடுதல் ஒன்றும் இல்லை. "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்களே, அதில்தான் அபாயம்!

அழாத குழந்தை

பெரியவர்களுக்கு உடம்புக்கு வந்தால் வாய் விட்டுச் சொல்கிறோம். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஜுரம் வந்தால், தொட்டதும் கை சுடுகிறது. பச்சிளங் குழந்தை அப்படி அல்ல. அதன் உடம்புக்குள் பெரிய போரே நடந்துகொண்டிருக்கும். வெளியே பார்த்தால் தூங்குவதுபோல இருக்கும்.

கிருமி இரத்தத்தில் ஏறி, உடம்பு முழுவதும் பரவி, உறுப்புகளை நிலைகுலையச் செய்வதை டாக்டர்கள் "செப்சிஸ்" என்கிறார்கள். பிறந்த குழந்தையின் உயிருக்கு இது பெரிய எமன்.

ஏன் அந்தச் சிறு உடம்பு இதற்கு எளிதில் ஆளாகிறது?

குழந்தையின் தோல் மெல்லியது. தொப்புளில் இன்னும் ஆறாத புண். நோயை எதிர்க்கும் சக்தி அதற்குச் சொந்தமாக இன்னும் வரவில்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போது, தாயின் இரத்தத்திலிருந்து வரும் எதிர்ப்புச் சத்துதான் சீதனம். அந்தச் சீதனத்தின் பெரும் பகுதி, கருவின் கடைசி மூன்று மாதங்களில்தான் குழந்தைக்குப் போய்ச் சேருகிறது. ஆகையால், மாதம் நிறையாமல் பிறந்த குழந்தை ஏறக்குறைய வெறுங்கையோடு வந்து சேருகிறது.

அதனால்தான் சின்ன அடையாளங்களையும் அலட்சியம் செய்யக் கூடாது.

பால் குடிப்பதை நிறுத்திவிடுவது, துவண்டு போவது, எழுப்பினாலும் விழிக்காமல் இருப்பது, உடம்பு சுடுவது அல்லது சில்லிட்டுப் போவது, ஒரு நிமிஷத்தில் 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குவது, மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, வலிப்பு, தொப்புளைச் சுற்றிச் சிவப்பது, சீழ் வைப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும், இரவா பகலா என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வண்டி இல்லாவிட்டால் 108-க்கு டெலிபோன் செய்யலாம்.

நாம் சொன்ன வீட்டில் அந்தத் தாய் பிடிவாதமாக நின்றாள். "திருஷ்டியை நாளைக்குச் சுற்றலாம் அம்மா. இப்போது கிளம்பு" என்றாள். கிளம்பினார்கள். பிள்ளையின் உயிர் அங்கேதான் பிழைத்தது!

டாக்டரின் சங்கடம்

ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பார்த்த டாக்டர், "செப்சிஸாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறோம்" என்றார்.

"சந்தேகமா? நிச்சயமாகத் தெரியாதா டாக்டர்?" என்று தகப்பன் கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால், உலகத்தில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் அந்த நிமிஷத்தில் நிச்சயமாகச் சொல்ல முடியாது. செப்சிஸ் வந்த குழந்தையும் பால் குடிக்காது. உடம்பில் சர்க்கரை குறைந்த குழந்தையும் பால் குடிக்காது. குளிரில் சில்லிட்ட குழந்தையும் பால் குடிக்காது. பார்த்த மாத்திரத்தில் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும்.

இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு மில்லி அளவு இரத்தம் எடுத்து, கிருமிக்குப் பிடித்தமான சத்து நீர் உள்ள புட்டியில் விட்டு, இதமான சூட்டில் வைப்பார்கள். இரத்தத்தில் கிருமி இருந்தால் அது புட்டியில் வளரும். இதற்குப் பெயர் "பிளட் கல்ச்சர்". தயிருக்கு உறை ஊற்றி வைப்பது போலத்தான். காலையில் பார்த்தால் உறைந்ததா, இல்லையா என்று தெரிகிறது அல்லவா?

ஆனால், இந்த உறை உறையப் பெரும்பாலும் ஒன்றரை நாள் முதல் இரண்டு நாள் வரை ஆகும். கிருமியோ அதுவரை காத்திருக்காது. வசதியான இடம் கிடைத்தால் சில கிருமிகள் 20 நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். இரவு 10 மணிக்கு ஒரே ஒரு கிருமி இருந்தால், இந்தக் கணக்கில் விடியற்காலை 5 மணிக்கு 20 இலட்சத்துக்கு மேல் பெருகியிருக்கும்!

ஆகவே, டாக்டர் காத்திருப்பதில்லை. முதலில் சோதனைக்கு இரத்தம் எடுத்துக்கொள்கிறார். உடனே ஆன்டிபயாடிக் ஊசியைத் தொடங்கிவிடுகிறார். உலக சுகாதார நிறுவனம் முதலில் கொடுக்கச் சொல்லும் மருந்துகள் இரண்டு: ஆம்பிசிலின், ஜென்டாமைசின். இரண்டும் பழைய மருந்துகள், விலையும் குறைவு.

இதில்தான் சங்கடம். ஊசி போடாவிட்டால், கிருமி உள்ள குழந்தை சாகும். சந்தேகம் வந்த எல்லாக் குழந்தைக்கும் ஊசி போட்டால், கிருமி இல்லாத பல குழந்தைகளுக்கும் மருந்து ஏறும். "போனால் போகிறது, மருந்துதானே?" என்று விட முடியுமா? முடியாது!

மிஸ்டர் எக்ஸின் கதை

நம் ஊரில் "மருந்து கேட்கிறது", "மருந்து கேட்கவில்லை" என்று சொல்வது வழக்கம். மருந்துக்கு நோய் கட்டுப்படுகிறதா, இல்லையா என்று அர்த்தம். இன்றைக்கு, மருந்து சொல்வதைக் கேட்காத கிருமிகள் பெருகிவிட்டன.

இந்த அபாயத்தை முதலிலேயே எச்சரித்தவர், பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங். 1928-ல் லண்டனில் அவர் பெனிசிலினைக் கண்டார். 1945-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசு வாங்கிய சமயத்தில் ஆற்றிய சொற்பொழிவில் அவர் ஒரு கற்பனைக் கதை சொன்னார்.

மிஸ்டர் எக்ஸ் என்று ஒருவர். அவருக்குத் தொண்டை வலி. டாக்டரைக் கேட்காமல் தாமே பெனிசிலின் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். கிருமியைக் கொல்லும் அளவுக்குப் போடவில்லை. அதற்கு எதிர்க்கக் கற்றுக்கொடுக்கும் அளவுக்குத்தான் போடுகிறார். பிறகு அதே கிருமி அவருடைய மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்கு நிமோனியா. டாக்டர் பெனிசிலின் கொடுக்கிறார். மருந்து கேட்கவில்லை. மனைவி இறந்துபோகிறாள். அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு? மருந்தை அரைகுறையாகப் போட்டுக்கொண்ட கணவன்தான் என்று பிளெமிங் முடித்தார்.

கற்பனைக் கதை உண்மையாகிவிட்டது!

ஒரு கோடிக் கிருமிகளில் ஒன்றிரண்டு, தற்செயலாக மருந்தைத் தாங்கும் சக்தி பெற்றிருக்கும். மருந்து பட்டதும் மற்றவை சாகும். தாங்கியவை மட்டும் மிஞ்சும். போட்டி இல்லாத வயலில் களை பரவுவதுபோல அவை பெருகும். எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமாக மருந்தைப் புழங்குகிறோமோ, அவ்வளவுக்கு அவ்வளவு இந்தக் களை வளரும்.

இன்னொரு விஷயம் கேளுங்கள். மயிலாப்பூர்ப் பெண்கள் மார்கழி மாதத்தில் கோல நோட்டை அடுத்த வீட்டுக்குக் கொடுத்து வாங்குவார்கள் அல்லவா? கிருமிகளும் அப்படித்தான்! மருந்தை முறிக்கும் வித்தை எழுதிய மிகச் சிறிய வளையம் ஒன்றை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கொடுத்துவிடுகிறது. வாங்கிக்கொண்ட கிருமி வேறு இனமாகக்கூட இருக்கலாம். ஒரே நாளில் அதுவும் மருந்து கேட்காத கிருமியாகிவிடுகிறது.

தரமணியில் கண்ட உண்மை

இந்த விஷயத்தில் உலகத்தையே திடுக்கிட வைத்த ஆராய்ச்சி ஒன்று நம் சென்னையிலேயே நடந்தது.

மயிலாப்பூரிலிருந்து திரு.வி.க. பாலத்தைத் தாண்டி, அடையாறு வழியாகத் தெற்கே போனால் தரமணி வரும். அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதற்கு டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாரின் பெயரை வைத்திருக்கிறார்கள். 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் அவர். அடிப்படையில் அவர் பிரசவ டாக்டர். அவர் எழுதிய பிரசவ மருத்துவ நூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடப் புத்தகம்.

தாய்மாரையும் சேய்களையும் காப்பதில் புகழ் பெற்ற அந்த மனிதரின் பெயரைத் தாங்கிய நிலையத்தில், கார்த்திகேயன் குமாரசாமி என்ற ஆராய்ச்சியாளர் மருந்து கேட்காத கிருமிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அதற்கு முன்பு நடந்தது இது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் சுவீடன் நாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்தார். டெல்லியில் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றார். 2008-ல் சுவீடனுக்குத் திரும்பிய பிறகு, அவருடைய சிறுநீரில் ஒரு கிருமியைக் கண்டார்கள். மிக வலுவான "கார்பாபெனம்" வகை மருந்தையும் அது முறித்துவிட்டது! முறிக்கும் பொருளுக்கு "நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ்" என்று பெயர் வைத்து, 2009-ல் வெளியிட்டார்கள். சுருக்கமாக "என்.டி.எம்.1".

அடுத்த ஆண்டு, 2010 ஆகஸ்ட் மாதம், குமாரசாமியும் பல நாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து "லான்செட்" குழுமத்தின் தொற்றுநோய்ப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சென்னையில் 44 கிருமி மாதிரிகளில் என்.டி.எம்.1 இருந்தது. அரியானாவில் 26. இங்கிலாந்து முதலிய பகுதிகளில் 37. இந்தியா, பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73. நோய் கடல் தாண்டிவிட்டது!

நாட்டில் பெரிய கூச்சல் எழுந்தது. "நம் தலைநகரத்தின் பெயரைக் கிருமிக்கு வைப்பதா?" என்று பலர் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. பெயர் வைத்த விதம் தவறு என்று "லான்செட்" ஆசிரியரே 2011-ல் வருத்தம் தெரிவித்தார். ஆனால், பெயரை மாற்றினால் கிருமி போய்விடுமா? அதே 2011-ல் டெல்லியில் எடுத்த 50 குடிநீர் மாதிரிகளில் இரண்டிலும், தேங்கி நின்ற நீர் மாதிரிகள் 171-ல் 51-லும் இந்த என்.டி.எம்.1 இருப்பதைக் கண்டார்கள்.

13,530 குழந்தைகள்

பெரியவர்கள் கதை இப்படி இருக்க, பச்சிளங் குழந்தைகள் கதி என்ன?

டெல்லியில் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில், 2011 முதல் 2014 வரை ஓர் ஆராய்ச்சி நடந்தது. முடிவு 2016-ல் வெளிவந்தது. குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 13,530 குழந்தைகளைக் கவனித்தார்கள்.

அவர்களில் 100-க்கு 14 குழந்தைகளுக்குச் செப்சிஸ் என்று முடிவு செய்யப்பட்டது. ஆனால், இரத்தச் சோதனையில் கிருமி வளர்ந்தது 100-க்கு 6 குழந்தைகளுக்குத்தான். டாக்டரின் சங்கடம் எவ்வளவு பெரியது என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

செப்சிஸ் வந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இறந்துபோயிற்று. பெரும்பாலோருக்கு நோய் வந்தது பிறந்த மூன்று நாளுக்குள். மூன்று நாளுக்குள் என்றால் என்ன அர்த்தம்? பிரசவ அறையிலோ, அதை அடுத்த வார்டிலோதான் கிருமி ஒட்டியிருக்க வேண்டும் என்று சந்தேகம் வருகிறது.

அதிகமாகக் கண்ட கிருமியின் பெயர் அசினிடோபாக்டர். அந்தக் கிருமியின் மாதிரிகளில் 100-க்கு 82 மாதிரிகள் பல வகை மருந்துகளுக்குக் கட்டுப்படவில்லை. அடுத்து வந்த கிளெப்சியெல்லா என்ற கிருமியில் பாதிக்கு மேல் அப்படித்தான்.

பல நாடுகளிலும் இந்த நிலைமைதான். 2018 முதல் 2020 வரை, இந்தியா உட்பட 11 நாடுகளில் 19 ஆஸ்பத்திரிகளில், 3,204 பச்சிளங் குழந்தைகளைக் கவனித்தார்கள். டாக்டர்கள் கொடுத்த மருந்துச் சேர்க்கைகளை எண்ணிப் பார்த்தால் 200-க்கு மேல்! எந்த மருந்து கேட்கும் என்று நிச்சயம் இல்லாததால், ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆம்பிசிலின் கேட்காவிட்டால் அடுத்தது. அது கேட்காவிட்டால் மெரோபெனம். அதுவும் கேட்காவிட்டால்?

பரணில் போட்ட பழைய பாத்திரத்தை இறக்குவது போல, "கொலிஸ்டின்" என்ற பழைய மருந்தை எடுக்கிறார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று அநேகமாக ஒதுக்கி வைத்திருந்த மருந்து அது. வேறு வழி இல்லாததால் மீண்டும் வந்திருக்கிறது. இந்தக் கடைசி ஆயுதத்தைக் கோழிப் பண்ணைகளில் தீவனத்தோடு கலந்து போட்டுக்கொண்டிருந்தார்கள்! 2019 ஜூலையில் மத்திய அரசு அதற்குத் தடை போட்டது.

சென்னைப் பிரகடனம்

நல்ல செய்தியும் உண்டு. அதுவும் சென்னையிலிருந்து வந்ததுதான்.

2012 ஆகஸ்ட் 24-ந் தேதி, நாட்டின் பல மருத்துவச் சங்கங்களைச் சேர்ந்தவர்கள் சென்னையில் கூடினார்கள். மருந்து கேட்காத கிருமிகளை அடக்க என்ன செய்வது என்று திட்டம் தீட்டினார்கள். இதை முன்னின்று நடத்தியவர் சென்னையில் தொற்றுநோய் நிபுணராக இருக்கும் டாக்டர் அப்துல் கபூர். அந்தத் திட்டத்துக்குப் பெயரே "சென்னைப் பிரகடனம்".

கடையில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதை ஒரே நாளில் நிறுத்த முடியுமா? டாக்டரே இல்லாத கிராமங்கள் என்ன செய்யும்? ஆகவே, மிக வலுவான மருந்துகளை முதலில் கட்டுப்படுத்துவோம். பிறகு படிப்படியாகப் போவோம் என்பது அவர்கள் கருத்து.

மறு ஆண்டே, 2013-ல், மத்திய அரசு "ஹெச் 1" என்ற மருந்துப் பட்டியலை அறிவித்தது. 2014 மார்ச் 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது. அதில் 46 மருந்துகள் இடம்பெற்றன. அவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதிக் கொடுத்தார், யாருக்கு, எவ்வளவு என்று கடைக்காரர் தனி நோட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். 2016-ல், மருந்து அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடாதீர்கள் என்ற பிரசாரமும் தொடங்கியது.

வீட்டில் இருக்கும் மருந்து அட்டைகளை எடுத்துப் பாருங்கள். சிவப்புக் கோடு தெரியும்.

சட்டம் இருக்கிறது. ஆனால், கடைக்காரரிடம் போய், "குழந்தைக்குச் சளி. நல்லதாக ஏதாவது கொடுங்கள்" என்று கேட்பது நாம்தானே? நம் கதையில் வந்த மருமகன் வாங்கப்போன சொட்டு மருந்து, குழந்தையைக் காப்பாற்றியிருக்காது. நோய் மறைந்து வளர இடம் கொடுத்திருக்கும். நல்ல வேளை, வாங்குவதற்கு முன் தாய் டெலிபோன் செய்துவிட்டாள்!

கையில் இருக்கிறது மருந்து

எந்தக் கிருமியும் எதிர்க்கக் கற்றுக்கொள்ளாத வழி ஒன்று உண்டு. அது கை கழுவுவது!

1847-ல் வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற டாக்டர் இருந்தார். அவருடைய வார்டில் பிரசவித்த தாய்மார்கள், அதற்கு முந்தைய ஆண்டில், 100-க்கு 11 பேர் வீதம் ஜுரத்தில் இறந்தார்கள். பிணத்தை அறுத்துச் சோதித்த கையோடு டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்க்க வருவதைக் கவனித்தார் அவர். குளோரின் கலந்த நீரில் கை கழுவாமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு போட்டார். 1848-ல் சாவு 100-க்கு ஒன்று, இரண்டு என்று குறைந்தது. ஆனால், பெரிய டாக்டர்கள் பலர் அவரை நம்பவில்லை. "எங்கள் கையா அழுக்கு?" என்று கோபித்துக்கொண்டார்கள். மனம் உடைந்து 1865-ல் அவர் மறைந்தார்.

நம் பாட்டிமார்கள் இதை வேறு விதமாகச் செய்தார்கள். பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். வெளியாட்கள் சட்டென்று உள்ளே நுழையமாட்டார்கள். வெளியே போய் வந்தவர் கை கால் கழுவாமல் குழந்தையைத் தொட மாட்டார். இன்றைக்கு என்ன செய்கிறோம்? பஸ்ஸில் வந்து இறங்கிய கையோடு குழந்தையை வாங்கி, கன்னத்தைக் கிள்ளி, முத்தம் கொடுக்கிறோம்!

பாட்டிமார்கள் சொன்ன எல்லாமே சரி என்று அர்த்தம் இல்லை. வேப்பிலை வழக்கத்தில் இருந்த தூய்மையை வைத்துக்கொள்ளலாம். தொப்புளில் விபூதி, மஞ்சள், எண்ணெய் வைப்பதை விட்டுவிட வேண்டும். தொப்புளை உலர்ந்தபடி விடுவதே நல்லது. சர்க்கரைத் தண்ணீர், சேனை தொட்டு வைப்பது, பிறந்த குழந்தைக்கு உரை மருந்து புகட்டுவது எதுவும் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். முதலில் வரும் அந்த மஞ்சள் நிறப் பாலைச் சிலர் பீய்ச்சிக் கொட்டிவிடுகிறார்கள். அது குழந்தைக்கு முதல் கவசம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும்.

எடை குறைந்த குழந்தையாக இருந்தால், தாயின் மார்போடு மார்பாக அணைத்துக் கட்டி வைக்கச் சொல்கிறார்கள். கங்காரு குட்டியை வைத்துக்கொள்வது போல இருப்பதால் இதற்குக் "கங்காரு முறை" என்று பெயர். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆராய்ச்சி 2021-ல் வெளிவந்தது. பிறந்தவுடனேயே இந்த முறையைத் தொடங்கியதால் குழந்தைகள் சாவு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. செப்சிஸ் சந்தேகமும் குறைந்தது. இதற்குக் காசு பணம் எதுவும் தேவை இல்லை. தாய் மடிதான் மருந்து!

தமிழ்நாடு இந்தப் போரில் பின்தங்கிய மாநிலம் அல்ல. மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில் 9 குழந்தைகள் பிறந்த 28 நாளுக்குள் இறந்தன. இந்தியா முழுவதும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கணக்கு 20. மிச்சம் இருக்கும் அந்த ஒன்பதையும் குறைக்க வேண்டுமானால், மருந்து கேட்க வேண்டும்!

மூன்றாம் நாள்

நம் கதைக்குத் திரும்புவோம்.

குழந்தை ஆஸ்பத்திரியில் சேர்ந்து இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் காலையில் குழந்தை வீறிட்டு அழுதது. பாட்டி கண்ணில் தண்ணீர். அழுகைச் சத்தத்துக்காக ஒரு பாட்டி சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்க்க வேண்டும்! தாய் மார்பில் வைத்தாள். குழந்தை நன்றாகக் குடித்தது.

டாக்டர் வந்தார். "இரத்தச் சோதனையில் கிருமி எதுவும் வளரவில்லை. குழந்தையும் தேறிவிட்டான். ஊசியை நிறுத்திவிடுகிறோம்" என்றார்.

தகப்பனுக்கு மனம் கேட்கவில்லை. "டாக்டர், எதற்கும் இருக்கட்டும், இன்னும் ஐந்து நாள் போட்டுவிடுங்களேன். செலவைப் பற்றிக் கவலை இல்லை."

"செலவு இருக்கட்டும். குழந்தையின் வயிற்றில் நல்ல கிருமிகள் குடியேறும் காலம் இது. தேவை இல்லாத மருந்து அவற்றைக் கொன்றுவிடும். அந்த இடத்தில் மருந்து கேட்காத கிருமி வந்து உட்காரும். மாதம் நிறையாத குழந்தைகளுக்கு இப்படி நீண்ட நாள் மருந்து கொடுத்தால், குடல் கெட்டுப்போகும் ஆபத்து கூடுகிறது என்று ஆராய்ச்சிகளில் தெரிகிறது. வேண்டும்போது போட்டேன். வேண்டாதபோது நிறுத்துகிறேன். இரண்டும் சிகிச்சைதான்" என்றார் டாக்டர்.

பக்கத்துக் கட்டிலில் இன்னொரு குழந்தை. அதன் இரத்தத்தில் கிளெப்சியெல்லா வளர்ந்துவிட்டது. முதலில் போட்ட மருந்துகள் கேட்கவில்லை. எந்த மருந்து கேட்கும் என்பதையும் அதே சோதனையே சொல்லியிருந்தது. மருந்தை மாற்றியிருந்தார்கள். அந்தக் குழந்தைக்கு டாக்டர் சொன்ன நாள் முழுவதும் ஊசி போட்டே ஆக வேண்டும். ஒரு நாள்கூடக் குறைக்கக் கூடாது.

பாட்டி அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "மாப்பிள்ளை, நம் பிள்ளைக்கு வேண்டாத ஊசியை நிறுத்தட்டும். அந்த மருந்து அந்தப் பிள்ளைக்குக் கேட்க வேண்டும்."

ஆராய்ச்சியாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியதைப் பாட்டி இரண்டு வரியில் சொல்லிவிட்டாள்!

தாய்மார்களே, தந்தைமார்களே! உங்கள் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டால், டாக்டரிடம் பணிவாக மூன்று கேள்வி கேளுங்கள். சோதனைக்கு இரத்தம் எடுத்தாயிற்றா? முடிவு எப்போது வரும்? ஊசியை எப்போது நிறுத்தலாம்? நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நீங்களாக ஊசியைத் தொடங்கவும் வேண்டாம். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வீட்டில் மிஞ்சிய மருந்தை அடுத்த குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். குழந்தையைத் தூக்குமுன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள்.

குழந்தை பால் குடிக்காவிட்டால் மட்டும், காலை வரை காத்திருக்காதீர்கள்!